போங்கு ஆட்டமா, கண் பிசகா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். நான்கு வருடமாக டென்னிஸ் ஆடுகிறான். போன மாதம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில், எதிரில் ஆடிய பையன் கோட்டின் மேல் விழுந்த பந்துகளை மூன்று முறை ‘அவுட்’ என்றான். நான் கம்பி வேலிக்கு வெளியே இருந்து “அது இன்!” என்று கத்திவிட்டேன். அந்தப் பையனின் அப்பாவும் பதிலுக்குக் கத்தினார். பிறகு ஸ்கோரிலும் தகராறு. 4-3 என்று தானே முன்னிலை என்று இரண்டு பேருமே சாதித்தார்கள். பி.டி. சார் வந்து டாஸ் போட்டார். டாஸில் என் மகன் தோற்றான், செட்டும் போனது. ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது, “அடுத்த மேட்ச்ல நானும் அப்படியே அவுட் குடுக்கப் போறேம்மா” என்றான். அவனுக்கு என்ன சொல்வது? அந்தப் பள்ளி மீது புகார் எழுதலாமா?
- வாசகி, ஆதம்பாக்கம், சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டாஸ், புகார் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஸ்கூட்டரில் உங்கள் மகன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். இருபது வருடங்களுக்கும் மேலாகச் சென்னையில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன், பள்ளிப் போட்டிகளில் ரெஃப்ரியாகவும் (போட்டி முழுவதையும் கவனிக்கும் அதிகாரி) நின்றிருக்கிறேன். அவன் சொன்ன அதே வார்த்தைகளைப் பல பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிற பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. அநியாயம் நடந்தால் கோர்ட்டுக்குள் என்ன செய்யலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொள்கிறான். சர்வ், ஃபோர்ஹேண்ட், வாலி எல்லாவற்றுக்கும் வருடக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். அவுட் சொல்வதற்கும், எதிராளி சொன்ன அவுட்டைக் கேள்வி கேட்பதற்கும், ஸ்கோரை நினைவில் வைப்பதற்கும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. இவையும் சர்வ் மாதிரியே பழகிப் பழகி வரவேண்டியவை. தவறு பயிற்சியாளர்களான எங்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் விதி. பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் அம்பயர் நாற்காலியில் யாரும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஆட்டங்களுக்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் தனிப் பகுதி உண்டு. வலைக்கு உன் பக்கம் விழும் பந்துக்கு நீதான் நடுவர். அவுட் என்றால் பந்து விழுந்த உடனே, எதிராளி காதில் விழும்படி சொல்ல வேண்டும். திருப்பி அடித்துப் பார்த்து, அது வலையில் மாட்டிய பிறகு “அவுட்” என்பது ஆகாது. சந்தேகம் வந்தால் பாயின்ட் எதிராளிக்கு. இந்தக் கடைசி விதியைத்தான் நம் பிள்ளைகள் மாற்றி வைத்திருக்கிறார்கள். “சரியா பாக்கல, ரீப்ளே பண்ணிக்கலாம்” என்பார்கள், எதிராளியும் தலையாட்டுவான், பெற்றோரும் ‘நல்ல பிள்ளை’ என்று நினைப்பார்கள். அது தவறு. சரியாகப் பார்க்கவில்லை என்றால் பந்து இன், அவ்வளவுதான். ரீப்ளே என்பது எதிராளி சம்பாதித்த பாயின்டைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வது.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவுட் என்று சொல்லிவிட்டு, ‘அடடா, கோட்டில் பட்டதே’ என்று உணர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். அந்த ஆட்டத்தில் அது அவனுடைய முதல் தவறு என்றால் பாயின்டைத் திரும்ப ஆடுவார்கள். எதிராளி அடித்தது எடுக்கவே முடியாத பந்து என்றாலோ, முன்பே ஒருமுறை இப்படித் தவறாகச் சொல்லியிருந்தாலோ பாயின்ட் எதிராளிக்குப் போகும். தப்பாகச் சொன்னால் மானம் போகும் என்று பிடிவாதமாக நிற்கிற பிள்ளைகளுக்கு, திருத்திக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது என்று சொன்னால் முகம் தெளிவதைப் பார்க்கிறேன்.

சரி, அந்தப் பையன் வேண்டுமென்றே செய்தானா? எனக்குத் தெரியாது. நீங்களும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் என் எண்ணம். கோபப்படாமல் கேளுங்கள். பக்கவாட்டு வேலி ஓரம் உட்கார்ந்து, கம்பி வலை வழியாகப் பார்க்கிறவருக்குப் பேஸ்லைனில், அதாவது கோர்ட்டின் பின்கோட்டில், விழும் பந்து சாய்வாகத்தான் தெரியும். பந்து தரையைத் தொடும் கணத்துக்குச் சற்றே முன்போ பின்போ கண்ணில் பட்டால், அந்தரத்தில் இருக்கும் பந்து கோட்டை மறைத்துக்கொண்டு கோட்டின் மேல் இருப்பது போலவே தெரியும். எதிர்ப்பக்கம் இருந்த உங்கள் மகனின் நிலையும் அதுதான். கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். அந்தக் கோடியில் நின்று இந்தக் கோடியின் கோட்டைப் பார்த்தால் இரண்டு விரல் இடைவெளி தெரியவே தெரியாது.

பக்கத்தில் இருந்த பையன் கண்ணும் ஏமாறும். வேகமாக ஓடும் பொருளை அது இருக்கும் இடத்தைவிடச் சற்று முன்னே தள்ளிக் காட்டுவது மூளையின் பழக்கம். விம்பிள்டன் ஆட்டங்களை வைத்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, நடுவர்கள் செய்த பிழைகளில் பெரும்பாலானவை உள்ளே விழுந்த பந்தை ‘அவுட்’ என்று சொன்னவையே என்று கண்டது. பயிற்சி பெற்ற பெரியவர்கள், ஓடாமல் ஆடாமல் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செய்த பிழை அது. 2004 யு.எஸ். ஓபன் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸுக்கு எதிராகப் போன தவறான முடிவுகள் பெரிய சர்ச்சையாகி, 2006-ல் அதே போட்டியில் கிராண்ட் ஸ்லாம் அளவில் முதன்முறையாக ஹாக்-ஐ, அதாவது பந்து விழுந்த இடத்தைக் கேமராக்களால் கணிக்கும் கருவி, வந்தது. 2025-ல் விம்பிள்டனில் லைன் ஜட்ஜ்களே இல்லை, எல்லாம் கேமராதான். அந்த வருடமே சென்டர் கோர்ட்டில் ஒரு பக்கம் கருவியை யாரோ தவறுதலாக அணைத்து வைத்திருந்ததால், வெளியே போன பந்துக்கு ‘அவுட்’ வராமல் பாயின்டைத் திரும்ப ஆட வேண்டியதாயிற்று. மதியம் இரண்டு மணி வெயிலில், வெளிறிப்போன கோடுள்ள சிந்தெடிக் கோர்ட்டில், பின்னால் ஓடிக்கொண்டே பார்க்கிற பதின்மூன்று வயதுப் பையனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

வேண்டுமென்றே போங்கு அடிக்கிற பிள்ளைகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எனக்கும் பார்த்தவுடன் கொதிக்கும். ஆனால் ஒரு ஆட்டத்தில் மூன்று பந்தை வைத்து ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட நான் துணிய மாட்டேன்.

கண்ணைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். என் பிள்ளைகளுக்குச் செய்வது இது. பழைய பந்து ஏழெட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி, பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதை வலைக்கு அந்தப் பக்கமிருந்து பேஸ்லைன் பக்கமாக அடிக்க வேண்டும். உங்கள் மகன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று ‘அவுட்’ சொல்ல வேண்டும், இன் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னவுடன் தரையைப் பார்க்கலாம். சிமென்ட் நிறக் கோர்ட்டில் ஈரத் தடம் கரும்புள்ளியாகத் தெரியும். நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டும். முதல் நாள் பிள்ளைகள் அதிர்ந்துபோவார்கள். ‘நல்லா வெளிய’ என்று அடித்துச் சொன்ன பந்தின் ஈரம் கோட்டின் வெளி விளிம்பை நக்கிக்கொண்டு நிற்கும். பந்தின் ஒரு ஓரம் கோட்டைத் தொட்டாலே இன் என்பதை வாயால் நூறு தரம் சொல்லி வராத புத்தி அந்தப் புள்ளியைப் பார்த்தால் வரும். அப்புறம் விதியை அவர்களே சொல்வார்கள்: கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே தரை தெரிந்தால்தான் அவுட்.

நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை சென்னை ஓபன் நடந்த காலத்தில் பிள்ளைகளை அழைத்துப் போனால், கொஞ்ச நேரம் பந்தை விட்டுவிட்டு லைன் ஜட்ஜைப் பாருங்கள் என்பேன். அவர் பந்தைத் துரத்திப் பார்ப்பதில்லை. பந்து வருவதற்கு முன்பே பார்வை கோட்டுக்குப் போய்விடும், தலை அசையாது. ஆடுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் விடப்போகிற பந்துக்காவது, அதாவது ‘இது வெளியே போகும்’ என்று கையை இழுத்துக்கொள்கிற பந்துக்காவது, தலையை நிறுத்திக் கோட்டைப் பார்க்கப் பழகலாம்.

இனி கேள்வி கேட்கும் முறை. இதை வீட்டில் நடித்தே பழகுங்கள், நீங்கள் எதிராளி. நீங்கள் “அவுட்” என்கிறீர்கள். அவன் ராக்கெட்டைக் கீழே தொங்கவிட்டபடி, நின்ற இடத்திலிருந்தே, “கண்டிப்பா அவுட்டா?” என்று ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். வலைப் பக்கம் நடந்து வரக் கூடாது, கையை விரித்துக் காட்டக் கூடாது, வேலிப் பக்கம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. “ஆமா” என்று வந்தால் அடுத்த பாயின்டுக்குப் போக வேண்டும். நிஜமாகவே தடுமாறியிருந்த பிள்ளை அந்த ஒரு கேள்விக்கே “தெரியல, உன் பாயின்ட்” என்று விட்டுக்கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி மறுபடியும் நடந்தால், அடுத்த பாயின்ட் தொடங்குவதற்கு முன்பே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “ரெஃப்ரி வேணும் சார்” என்று கையைத் தூக்க வேண்டும். ரெஃப்ரியைக் கூப்பிடுவது சண்டை இல்லை, கோள் மூட்டுவதும் இல்லை, அது ஆடுகிறவனின் உரிமை. இதை அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பெரியவர்களைத் தொந்தரவு செய்வதாக நினைத்துத் தயங்குகிறார்கள்.

ரெஃப்ரி வந்தால் போன பாயின்ட் திரும்பக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. சிந்தெடிக் கோர்ட்டில் தடம் இல்லை. அவுட் சொன்னவனிடம் ‘நிச்சயம்தானா?’ என்று கேட்பார், அவன் ஆமென்றால் அதுவே முடிவு. உங்கள் மகன் அதற்காக மனம் உடையாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரெஃப்ரி வருவது இனி ஆடப்போகும் பாயின்டுகளுக்காக. அவர் ஒரு அம்பயரை உட்கார வைக்கலாம், ஆள் இல்லையென்றால் தானே கோர்ட் ஓரம் நின்று, அப்பட்டமாகத் தவறான முடிவை மாற்றுவேன் என்று இருவரிடமும் சொல்லலாம். வெளியே இருந்து பார்க்கும்போதே அப்பட்டமான தவறு கண்ணில் பட்டால் உள்ளே வந்து பாயின்டைத் திரும்ப ஆடவைக்கவும், மறுபடி செய்தால் பாயின்டே போகும் என்று எச்சரிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மண் கோர்ட் என்றால் கதை வேறு. தடத்தைக் காட்டச் சொல்லலாம், வலையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம், தடத்தை அழித்தவன் பாயின்டை இழக்கிறான்.

அப்புறம் அந்த டாஸ். பி.டி. சாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு கோர்ட்டுக்கு ஒருவர், அவர் கபடிக்காரராகவும் இருக்கலாம், சண்டையைச் சீக்கிரம் முடிக்க நினைத்திருப்பார். ஆனால் டாஸ் தவறுதான். டென்னிஸில் ஸ்கோர் தகராறுக்கு மிக அழகான, யாருக்கும் வலிக்காத தீர்வு இருக்கிறது. இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற பாயின்டுகளும் கேம்களும் அப்படியே நிற்கும். தகராறில் உள்ளது மட்டும் கழியும்.

உங்கள் மகன் ‘நான் 4, அவன் 3’ என்கிறான். எதிராளி ‘நான் 4, இவன் 3’ என்கிறான். மொத்தம் ஏழு கேம் முடிந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆளை உட்கார வைத்து, “முதல் கேம் யார் சர்வ்? யார் ஜெயிச்சது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், ஆறு கேமில் ஒத்துப்போவார்கள், ஒரே ஒரு கேமை இருவரும் தன்னுடையது என்பார்கள். அதை எடுத்துவிட்டால் 3-3. அங்கிருந்து தொடர வேண்டும். கடைசியாக ஆடிய கேமில் ரிசீவ் செய்தவன் அடுத்து சர்வ் போட வேண்டும். அவ்வளவுதான். பாயின்டுக்கும் இதே கணக்கு (டென்னிஸில் ஒரு பாயின்டை 15, இரண்டை 30, மூன்றை 40 என்று சொல்வார்கள்). 40-30 என்று ஒருவனும் 30-40 என்று இன்னொருவனும் நின்றால், ஒரு பாயின்டில்தான் சிக்கல், 30-30-லிருந்து ஆடலாம்.

ஒருமுறை இரண்டு பெண் பிள்ளைகள் வலையருகே அழுதுகொண்டு நின்றார்கள். ஒருத்தி 40-15 என்கிறாள், மற்றவள் 40-30 என்கிறாள். பாயின்ட் பாயின்டாகக் கேட்டுப் பார்த்தேன், இருவருக்குமே பாதி மறந்துவிட்டது. “கடைசியா எந்தப் பக்கம் நின்னு சர்வ் போட்டே?” என்று கேட்டேன். “லெஃப்ட்ல சார்” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒவ்வொரு கேமிலும் சர்வ் வலது பக்கம் தொடங்கி மாறி மாறிப் போகும், ஆகவே இடது பக்க சர்வ் என்றால் அதற்கு முன் ஆடி முடித்த பாயின்டுகள் ஒற்றைப்படை. அந்தப் பாயின்டையும் சேர்த்தால் இரட்டைப்படை. 40-15 என்பது நான்கு பாயின்ட், 40-30 என்பது ஐந்து. ஆக 40-15. சொன்னவளுக்கு நிம்மதி, மற்றவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா சார், அந்த டபுள் ஃபால்ட்டை ரெண்டு தடவை எண்ணிட்டேன்” என்றாள். பிள்ளைகள் நல்ல ஷாட்டை மறப்பார்கள், இரண்டு சர்வையும் தவறவிட்டுப் பாயின்டை இழக்கிற டபுள் ஃபால்ட்டை மறக்கவே மாட்டார்கள். அதையும் நின்ற பக்கத்தையும் பிடித்துக்கொண்டால் பாதித் தகராறு அவிழ்ந்துவிடும்.

தகராறே வராமல் இருக்க, சர்வ் போடுகிறவன் ஒவ்வொரு பாயின்டுக்கு முன்னாலும் தன் ஸ்கோரை முதலில் வைத்து, அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். விதியே அப்படித்தான். உங்கள் மகன் சொல்கிறானா? பெரும்பாலான பிள்ளைகள் உதட்டுக்குள் முணுமுணுப்பார்கள். எதிராளி சர்வ் போடும்போது சொல்லவில்லையென்றால், “ஸ்கோர்?” என்று கேட்டு வாங்கிய பிறகு ரிசீவ் செய்ய நிற்கட்டும். பக்கம் மாறும்போது கேம் ஸ்கோரை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் 4-3 சண்டைக்கு வேலையே இல்லை.

இப்போது ஸ்கூட்டர் பேச்சுக்கு வருகிறேன். ‘நானும் அவுட் கொடுப்பேன்’ என்கிற பிள்ளையிடம் நீதிக் கதை சொல்லாதீர்கள், காதில் ஏறாது. முதலில் “உனக்கு நடந்தது வலிக்கும்தான்” என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டக்காரனுக்குப் புரிகிற காரணத்தைச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒரு பந்தை அவுட் என்றவன் அடுத்த பத்து பாயின்டுகளுக்குத் தன் சர்வை நினைக்க மாட்டான், மாட்டிக்கொள்வோமா என்றே நினைப்பான். இது என் கண்ணால் கண்டது. சென்னையில் ஜூனியர் டென்னிஸ் ஒரு தெரு அளவுதான். இன்று எதிரில் நிற்பவன் அடுத்த வருடம் டபுள்ஸ் பார்ட்னராக வருவான். போங்கு என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ராக்கெட்டை மாற்றலாம், அகாடமியை மாற்றலாம், பெயரை மாற்ற முடியாது.

1982 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியையும் அவனுக்குச் சொல்லுங்கள். ஸ்வீடன் வீரர் மாட்ஸ் விலாண்டருக்கு அப்போது 17 வயது, பன்னிரண்டாம் வகுப்புப் பையன் வயது. மேட்ச் பாயின்டில் எதிராளி ஹோசே லூயிஸ் கிளெர்க் அடித்த பந்தை அவுட் என்று அறிவித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. விலாண்டர் நடுவரிடம் போய், இப்படி ஜெயிக்க விருப்பமில்லை, அந்தப் பாயின்டைத் திரும்ப ஆடுகிறேன் என்றார். ஆடினார், ஜெயித்தார், அந்த வருடம் பட்டத்தையும் வாங்கினார்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், தாயாக நீங்கள் பட்ட பாடு புரிந்துதான் சொல்கிறேன். கம்பி வேலிக்கு வெளியே இருக்கும் யாருக்கும் லைன் கால் சொல்லும் உரிமை இல்லை. நீங்கள் கத்திய அந்தக் கணத்தில் உங்கள் மகன் கோர்ட்டில் தனியாள் இல்லாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எதிராளியைப் பார்த்துக் கேட்க வேண்டியதை உங்களைப் பார்த்துக் கேட்பான். அடுத்த மேட்சில் பேஸ்லைனுக்குப் பின்னால் தள்ளிப் போய் உட்காருங்கள், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள். ரெஃப்ரி இல்லாமல் அவன் தவிக்கிறான் என்று தெரிந்தால் எழுந்து போய் ரெஃப்ரியைத் தேடிக் கூட்டி வாருங்கள். அது உங்கள் வேலை, அதை யாரும் தவறு சொல்ல முடியாது. அந்த அப்பாவை மறுபடி பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் அதைத்தான் கவனிப்பார்கள்.

கடைசியாகப் புகார். அந்தப் பள்ளி மீதோ பையன் மீதோ எழுத வேண்டாம். ஆனால் போட்டி நடத்துகிறவர்களுக்குக் கட்டாயம் எழுதுங்கள், உங்கள் பள்ளி பி.டி. சாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வலைக் கம்பத்திலும் ஸ்கோர் கார்டு வேண்டும், இரண்டு கோர்ட்டுக்கு ஒருவராவது நடந்துகொண்டே பார்க்க வேண்டும், முதல் ஆட்டத்துக்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் நிழலில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் இந்த விதிகளைச் சொல்ல வேண்டும், ஸ்கோர் தகராறில் டாஸ் கூடாது என்று எழுதுங்கள். ஆள் இல்லை என்றால், ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருக்கும் மூத்த மாணவர்களையே அம்பயராக உட்கார வைக்கலாம், அவர்களுக்கும் கண் பழகும். அந்தக் கடிதத்தில் உங்கள் மகன் தோற்ற ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.